முதல் மஸ்டாங்: 1965–66 காரைப் பார்த்து வாங்கி, பழுது பார்த்து, மாற்றி அமைக்க ஒரு வழிகாட்டி

பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி, அதன் வேலையையும் தன் கையாலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் கார் 1965 அல்லது 1966 ஃபோர்டு மஸ்டாங். இதைவிட அழகான கார்கள் உண்டு, வேகமானவையும் உண்டு. ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு முதலில் வேண்டியது, உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கிற கார். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் அடிப்படை விலையில் வெளிவந்த இந்தக் கார், முதல் இரண்டு மாடல் ஆண்டுகளிலேயே 12 லட்சத்துக்கும் மேல் தயாரானது. வெளித்தோற்றம்தான் புதிது. அடியில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஃபோர்டு ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் சாமான்கள். கதவுக் கைப்பிடியிலிருந்து முழு பாடி வரை இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ இருந்த வீட்டில் வளர்ந்தவருக்குப் பாயிண்ட், கன்டென்சர், சோக் என்ற சொற்கள் ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும். அங்கே நான்கு சிலிண்டர், இங்கே ஆறு அல்லது எட்டு.

கட்டுரை முழுக்க இந்த இரண்டு ஆண்டு மஸ்டாங்கை வைத்தே எழுதுகிறேன். செவி நோவா, டாட்ஜ் டார்ட் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை பொருந்தும், அளவுகள் பொருந்தாது.

அந்த வரிசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாங்கிய முதல் மாதமே பெரிய கார்பரேட்டர், குரோம் வால்வு கவர், தெருவையே எழுப்பும் சைலன்சர் எல்லாம் வந்துவிடும். பிரேக் ஹோஸ் மட்டும் எப்போது மாட்டியதோ தெரியாது. முதலில் துரு, அடுத்து பிரேக், அதன்பின் பெட்ரோல் லைனும் வயரிங்கும், அப்புறம் ட்யூனிங். இவை முடிந்த பிறகுதான் மாற்றங்கள்.

பார்த்து வாங்குவது

இன்ஜின் ஓடவில்லை என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. 289 வி8-ஐ (289 கன அங்குலம், எட்டு சிலிண்டர்) அவிழ்த்து மறுபடி கட்ட அமெரிக்காவில் மெஷின் ஷாப்புக்கும் பஞ்சமில்லை, பாகத்துக்கும் பஞ்சமில்லை. பணத்தை விழுங்குவது பாடியில் இருக்கும் துரு. மஸ்டாங்குக்குத் தனியாகக் கழற்றக்கூடிய சேஸிஸ் கிடையாது. தரைத் தகரமும் அதோடு சேர்த்துப் பற்றவைத்த, ரயில் எனப்படும் நீள இரும்புச் சட்டங்களும்தான் காரைத் தாங்குகின்றன. அவை போனால் கார் போனது.

முதலில் பார்க்க வேண்டிய இடம் வெளியே தெரியாது. கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில், காற்று உள்ளே போகத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளுக்கு அடியில் ஒரு பெட்டி. மழைநீரும் அதற்குள்தான் விழுந்து பக்கவாட்டில் வடிய வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி, பெட்டிக்குள் காற்றுவழியைச் சுற்றி நிற்கும் தகர வளையம் அரித்துவிடும். பிறகு ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நேராகக் கால் வைக்கும் இடத்தில் சொட்டும். சோதிப்பது எளிது. விற்பவரிடம் அனுமதி கேட்டு, ஒரு ஜக் தண்ணீரை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவர் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். சொட்டினால் வாங்கக் கூடாது என்றில்லை, ஆனால் விலை இறங்க வேண்டும். அந்தப் பெட்டியின் மேல் தகரம் டஜன் கணக்கான ஸ்பாட் வெல்டால் ஒட்டியிருக்கிறது. அத்தனையையும் துளைபோட்டுப் பிரித்து, புதிய தகரம் வைத்து மறுபடி பற்றவைக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற அனுமதிக்காத விற்பனையாளரிடம் நான் மேலே பேச்சே கொடுக்க மாட்டேன்.

அடுத்து தரை விரிப்பைத் தூக்கித் தரைத் தகரத்தைப் பாருங்கள். காருக்கு அடியில் போய், முன் ரயில் ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உள்ளே உட்காருகிறவர்களுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்) தாண்டித் தரைக்குக் கீழே இறங்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பானெட்டைத் திறந்தால் பேட்டரித் தட்டு வலது முன்பக்கம் இருக்கும், ஆசிட் சிந்தி அதன் கீழ்த் தகரம் அரித்திருக்கலாம். இன்ஜினின் இரு பக்கமும் நிற்கும் ஷாக் டவரில் (முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் தகரக் கூண்டு), முன்சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மின் போல்ட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். டிக்கியைத் திறந்து இரு ஓரங்களிலும் தாழ்ந்திருக்கும் பள்ளங்களையும், பின்சக்கர வளைவின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனால் போதும். அது ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி போட்டு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

அரிசோனா, டெக்சாஸ் பக்கத்துக் கார்களில் தகரம் நன்றாக இருக்கும், ரப்பரும் சீட்டும் வெயிலில் வெந்து போயிருக்கும். மிச்சிகன், ஓஹாயோ பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடுவதால் கதை நேர்மாறு. ரப்பரை வாங்கி மாட்டிவிடலாம். எனவே வண்டியை ஏற்றிவரச் செலவானாலும் வறண்ட மாநிலத்துக் காரையே தேடுங்கள்.

எண்ணைப் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் பக்க மட்கார்டுக்கு உள்ளே, ஏப்ரன் தகரத்தின் விளிம்பில் அச்சடித்திருப்பதுதான் காரின் உண்மையான அடையாள எண். முதல் இலக்கம் ஆண்டு: 5 என்றால் 1965, 6 என்றால் 1966. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி நியூஜெர்சியின் மெட்டச்சன். அடுத்த இரண்டு இலக்கம் பாடி: 07 ஹார்டுடாப் (நிலையான கூரை), 08 கன்வெர்டிபிள் (மடக்கும் கூரை), 09 ஃபாஸ்ட்பேக் (பின்னால் சரிந்து இறங்கும் கூரை). ஐந்தாவதாக வருவது இன்ஜின்: டி என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், சி என்றால் 200 குதிரைத்திறன் 289, ஏ என்றால் 225, கே என்றால் 271. கதவில் ஆணியடித்திருக்கும் தகட்டை மட்டும் நம்பாதீர்கள். அந்தத் தகட்டை யார் வேண்டுமானாலும் புதிதாக அச்சடித்து வாங்கலாம். தகடு, ஏப்ரன், உரிமைப் பத்திரம் மூன்றிலும் ஒரே எண் இருந்தால்தான் பணத்தை எடுக்க வேண்டும். 1967 முதல் வந்த ஃபோர்டுகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் வாங்கித் தொழிற்சாலைப் பதிவைச் சரிபார்க்கலாம். இந்த இரண்டு ஆண்டுகளுக்கு அந்த வசதி இல்லை, அதனால் கே என்று சொல்லி விற்கும் காரை அனுபவசாலி ஒருவரை வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

இன்னொரு குறி சக்கரத்தில் இருக்கிறது. ஆறு சிலிண்டர் காருக்கு நான்கு போல்ட், வி8 காருக்கு ஐந்து போல்ட். பானெட்டுக்குள் வி8 உறுமுகிறது, சக்கரத்தில் நான்கே போல்ட் என்றால், யாரோ இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டுச் சின்ன பிரேக்கையும் சின்ன ஆக்ஸிலையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதைச் சரிசெய்யும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், முதல் காருக்கு ஆறு சிலிண்டர் ஹார்டுடாப் போதும். விலை குறைவு, பானெட்டுக்குள் கை நுழைய இடம் உண்டு, 200 இன்ஜின் லேசில் சாகாது. ஆனால் பெரும்பாலானவர்கள் வி8 சத்தத்துக்கு மயங்கித்தான் வருகிறார்கள். அதனால் கீழே வரும் அளவுகளை 289-க்கே கொடுக்கிறேன்.

கருவிகள்

முதல் செலவு 1965 ஃபோர்டு ஷாப் மேனுவலின் மறுபதிப்பு. யூடியூபில் வரும் ஆளைவிட அதை நம்புங்கள். நட்டு போல்ட் எல்லாம் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16, 3/4 ஸ்பேனரும் சாக்கெட்டும் தினமும் கையில் இருக்கும். அவற்றோடு டார்க் ரெஞ்ச், ஃபில்லர் கேஜ், டைமிங் லைட், டுவெல் மீட்டர், வேக்குவம் கேஜ், மல்டிமீட்டர், தீயணைப்பான். ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வைத்து, தரையில் நிற்கும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காரை ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் படுக்க வேண்டும்.

நெடுநாள் நின்ற காரை எழுப்புவது

விற்பவர் "பேட்டரி வைத்தால் ஓடும்" என்பார். வைக்காதீர்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும். அதை வடித்துவிட்டு, டேங்கின் உள்ளே துரு தெரிந்தால் புது டேங்கே வாங்குங்கள், அதிக விலையில்லை. எட்டு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவிடுங்கள். மறுநாள் கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். தடை தெரிந்தால் நிறுத்துங்கள், பலம் காட்டினால் உள்ளே ஏதாவது ஒடியும். சுலபமாகச் சுற்றினால் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்துவிட்டு பிளக்கை மாட்டுங்கள்.

அப்புறம் ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் கராஜை விட்டு வெளியே எடுக்க வேண்டாம். அடுத்த பகுதி முடியட்டும்.

பிரேக்

1966 வரை வந்த மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய், ஒரே வழி. எந்த மூலையில் ஒரு ஹோஸ் வெடித்தாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும், நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போகும். மிச்சமிருப்பது கைபிரேக் மட்டும். 1967 மாடலில்தான் ஃபோர்டு இரட்டை அறைக்கு மாறியது. அதனால் இந்தக் காரில் நான் செய்யச் சொல்லும் முதல் மாற்றமே இரட்டை மாஸ்டர் சிலிண்டர். டிரம் பிரேக்குக்கான கிட் பைப்போடு வருகிறது, ஃபயர்வாலில் புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. மாட்டும்போது புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிரேக் விடாமல் பிடித்தபடியே சூடேறும்.

ரப்பர் ஹோஸ் மொத்தம் மூன்று: முன்சக்கரத்துக்கு ஒவ்வொன்று, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று. வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கலாம், மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். இரும்பு பைப்பில் துருக்கொப்புளம் தெரிந்தால் அதையும் மாற்றுங்கள்.

டிரம்மைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கீழே தட்டு வைத்து பிரேக் கிளீனரால் நனைத்துக் கழுவுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் அவிழ்த்தால், எந்த ஸ்பிரிங் எங்கே என்று குழம்பும்போது மறுபக்கம் மாதிரியாக நிற்கும். நீளம் குறைந்த லைனிங் உள்ள ஷூ காரின் முன்பக்கம் பார்த்து வர வேண்டும். நட்சத்திரச் சக்கரம் உள்ள அட்ஜஸ்டரில் ஒரு பக்கத்துக்கு இடது மரை, மறு பக்கத்துக்கு வலது மரை. இடம் மாறினால் ஷூ இறுகுவதற்குப் பதில் தளர்ந்துகொண்டே போகும். கழற்றியவுடன் பையில் போட்டு எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் புதிது.

எல்லாம் மாட்டியபின் டாட் 3 வகை பிரேக் எண்ணெய் ஊற்றிக் காற்றை எடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரை முதலில் மேசையில் வைத்தே காற்று எடுத்துவிட்டு மாட்டினால் பாதி வேலை மிச்சம். பிறகு தூரத்திலிருந்து கிட்டே வாருங்கள்: வலது பின்சக்கரம், இடது பின்சக்கரம், வலது முன், இடது முன். டாட் 3 பெயிண்டைத் தின்றுவிடும், மட்கார்டின் மேல் கனத்த துணி போட்டுக்கொள்ளுங்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது.

முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடலாமா என்றால், போடலாம், நல்லதுதான். ஆனால் டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டர் வேறு, பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வும் வேண்டும், உங்கள் 14 அங்குல ரிம் காலிப்பரில் உரசலாம். முழு கிட்டாக, ரிம் அளவைக் கேட்டு வாங்குங்கள். நாலு இடத்தில் மலிவாகத் தேடி ஒன்றுசேர்த்த பிரேக்கை நான் ஓட்டமாட்டேன்.

பெட்ரோலும் மின்சாரமும்

இன்று அமெரிக்க பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பரை அது இளக வைக்கும். டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை இருக்கும் எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றுங்கள். பெட்ரோல் பம்ப் பழையதாக இருந்தால் அதன் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். மஸ்டாங்கில் டேங்கின் மேல்தட்டுதான் டிக்கியின் தரை. பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பரும் டிக்கிக்குள்தான் இருக்கிறது. டிக்கியில் பெட்ரோல் வாடை அடித்தால் அதை 'பழைய கார் வாசனை' என்று ரசிக்க வேண்டாம். டேங்குக்கும் பயணிக்கும் நடுவில் பின்சீட்டைத் தவிர வேறு தடுப்பு இல்லை, அதற்கான இரும்புத் தடுப்புத் தகடு தனியாக விற்கிறார்கள், போடத் தகுந்தது.

ஈயம் கலந்த பெட்ரோல் இல்லாமல் வால்வு சீட் தேயுமே என்று பலர் கவலைப்படுவார்கள். சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் 1996 முதல் அமெரிக்காவில் தடை. வாரக்கடைசியில் நிதானமாக ஓட்டும் காருக்கு இது அவசரப் பிரச்சினை அல்ல. என்றைக்காவது ஹெட்டைக் கழற்றினால் அப்போது கடினப்படுத்திய சீட் போட்டுக்கொள்ளலாம்.

வயரிங்கில் புதியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எர்த். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கும், இன்ஜினிலிருந்து ஃபயர்வாலுக்கும் போகும் வயரைக் கழற்றி, பெயிண்டையும் துருவையும் சுரண்டி இறுக்கினால் பாதி மின்சாரக் கோளாறு மறைந்துவிடும். முன்னாள் சொந்தக்காரர்கள் ரேடியோவுக்கும் ஹாரனுக்கும் இழுத்துவிட்ட, ஃபியூஸ் இல்லாத வயர்களைத் தேடிப்பிடித்து வெட்டி எறியுங்கள்.

ட்யூனிங்

எனக்குப் பிடித்த வேலை இது. இன்றைய காரில் இந்தச் சுகம் இல்லை.

ஒரு விஷயம் முதலில். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-5-4-2-6-3-7-8, டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. பயணி பக்கம் முன்னாலிருந்து 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் முன்னாலிருந்து 5, 6, 7, 8. வயரை எத்தனை முறை சரிபார்த்தாலும் இன்ஜின் தும்முகிறது என்றால், யாரோ 1980களின் மஸ்டாங் 5.0 எச்.ஓ. இன்ஜினை மாட்டியிருக்கலாம். வெளியே பார்க்க அச்சாக ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அதன் வரிசை 1-3-7-2-6-5-4-8.

1. பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். வெளிர்பழுப்பு நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய் ஈரம் இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. புது பிளக்கின் இடைவெளி 0.034 அங்குலம்.

2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். பாயிண்டை (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) தள்ளும் கட்டை, கேமின் முனை மேல் சரியாக நிற்கும்வரை இன்ஜினைக் கையால் சுற்றி, பாயிண்ட் இடைவெளியை 0.017 அங்குலத்துக்கு வையுங்கள். ஃபில்லர் கேஜில் எண்ணெய் இருக்கக் கூடாது. கேமில் துளி கிரீஸ் தடவுங்கள்.

3. மூடியை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு டுவெல், அதாவது பாயிண்ட் எத்தனை பாகைக்கு மூடியிருக்கிறது என்று பாருங்கள். 26-லிருந்து 31 பாகைக்குள் வர வேண்டும். இடைவெளி கூடினால் டுவெல் குறையும்.

4. அதன் பிறகே டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். டுவெல் மாறினால் டைமிங்கும் மாறும், அதனால் இந்த வரிசையைப் புரட்டாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, முதல் சிலிண்டர் வயரில் டைமிங் லைட்டை மாட்டி, உங்கள் இன்ஜினுக்கு மேனுவல் சொல்லும் அளவுக்குத் திருப்புங்கள். கையால் கியர் மாற்றும், இரண்டு பேரல் கார்பரேட்டர் (காற்று போக இரண்டு வழி) உள்ள 289-க்கு, பிஸ்டன் உச்சிக்கு வர 6 பாகை முன்பு.

5. கடைசியில் கார்பரேட்டர். இன்ஜின் நன்றாகச் சூடேறி, சோக் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஆட்டோலைட் 2100-இன் இரண்டு மிக்சர் ஸ்க்ரூவையும் மெதுவாக உள்ளே இறுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். வேக்குவம் கேஜைப் பார்த்தபடி, முள் மிக உயரமாக நிற்கும் இடத்துக்கு இரண்டையும் சமமாகத் திருப்புங்கள். கடல்மட்டத்துக்கு அருகே ஆரோக்கியமான இன்ஜினில் முள் 17-லிருந்து 21 அங்குலத்தில் ஆடாமல் நிற்கும். சீராகத் துடித்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை.

டைமிங் சரியாக வைத்தும் இன்ஜின் சோம்பலாக இருந்தால் கிராங்க் புல்லியைச் சந்தேகியுங்கள். அதன் வெளிவளையம் ரப்பரால் ஒட்டியது. வயதானால் வளையம் நழுவி, கோடு பொய் சொல்லும். முதல் பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப் வைத்து உண்மையான உச்சியைக் கண்டுபிடித்துப் புதுக் கோடு போடலாம். வளையம் நழுவியிருந்தால் புல்லியை மாற்றிவிடுவதே சரி.

பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? பெர்ட்ரானிக்ஸ் மாதிரி ஒன்று பழைய மூடிக்குள்ளேயே உட்காரும், வெளியே தெரியாது. ஆனால் ஃபோர்டின் வயரிங்கில் காயிலுக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டன்ஸ் வயர் இருக்கிறது. மாட்யூலுக்கு முழு 12 வோல்ட்டைத் தனியாக எடுத்துக் கொடுங்கள். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் வைத்துப் பாட்டுக் கேட்டால் மாட்யூல் சூடேறிச் சாகும். எது போட்டாலும் ஒரு செட் பாயிண்டும் கன்டென்சரும் டாஷ்போர்டு பெட்டியில் இருக்கட்டும். அந்த கன்டென்சர் பழைய ஸ்டாக்காக இருந்தால் நல்லது, இப்போது வரும் மலிவானவற்றின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

வழக்கமான பராமரிப்பு

289-க்கு ஃபில்டரோடு சேர்த்து 5 குவார்ட் ஆயில். மோட்டர்கிராஃப்ட் எஃப்எல்-1ஏ ஃபில்டர் பொருந்தும். ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: இந்த இன்ஜினின் கேம்ஷாஃப்ட்டும் லிஃப்டரும் உரசி ஓடுபவை. அவற்றைக் காப்பது ஆயிலில் இருக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் கலவை. இன்றைய கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அதைச் சாதாரண ஆயிலில் குறைத்துவிட்டார்கள். பழைய இன்ஜினுக்கென்று விற்கும், துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயிலை வாங்குங்கள். சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு டைப் எஃப் எண்ணெய். ரேடியேட்டரில் பச்சை கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி.

முன் சஸ்பென்ஷனில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள்களை மேனுவல் படத்தை வைத்து ஒன்றுவிடாமல் தேடுங்கள். மேல் ஆர்மின் நிப்பிளுக்கு கிரீஸ் கன் எளிதில் எட்டாது, அதனால்தான் பல மஸ்டாங்குகள் மேடு பள்ளத்தில் கீச்சிடுகின்றன. முன் காயில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மேலே அழுத்தப்பட்டு நிற்கிறது. சரியான கம்ப்ரஸர் இல்லாமல் அதைக் கழற்றப் போகாதீர்கள், நழுவினால் ஆளையே கொல்லும். முதல் தடவை இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுப்பதில் வெட்கமில்லை.

பனிக்காலத்தில் நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றுங்கள், பேட்டரியில் டெண்டர் (சார்ஜ் இறங்காமல் காக்கும் சிறு சார்ஜர்) மாட்டுங்கள், சைலன்சர் வாயில் ஸ்டீல் உல் அடையுங்கள். எலிகளுக்கு மஸ்டாங் சீட் மிகவும் பிடிக்கும். வசந்தத்தில் அடைத்ததை எடுக்க மறக்க வேண்டாம்.

மாற்றங்கள்

பிரேக்குக்கு அடுத்தது ரேடியல் டயர். மேனுவலில் உள்ள அலைன்மென்ட் அளவு அந்தக் காலத்து பயாஸ் டயருக்கானது. ரேடியலுக்குக் கேஸ்டரை (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாயும் கோணம்) கூட்டி வைக்கச் சொல்லுங்கள், நெடுஞ்சாலையில் கார் அலையாது. இந்த இரண்டு ஆண்டுக் கார்களில் மேல் ஆர்முக்குப் பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகட்டுத் துண்டுகளை வைத்துத்தான் அலைன்மென்ட் செய்ய வேண்டும். கணினியைப் பார்த்தே பழகிய இளைஞர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம், தெரிந்த கடையைத் தேடுங்கள். அடுத்து மூன்று இடத்தில் பிடிக்கும் சீட் பெல்ட். அந்தக் காலத்தில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். ஹெட்லைட்டுக்கு ரிலே, ஏனென்றால் விளக்கின் முழு மின்சாரமும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது.

அதிகம் காசு பிடிக்காத, ஆனால் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. மேல் ஆர்மின் இரண்டு போல்ட் ஓட்டைகளையும் ஷாக் டவரில் ஒரு அங்குலம் கீழே புதிதாகப் போட்டு, ஆர்மை இறக்கி மாட்டுவது. ஃபோர்டின் சஸ்பென்ஷன் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் வகுத்தது, 1965-ல் மஸ்டாங்கின் பந்தய வகையான ஷெல்பி ஜிடி350-இல் வந்தது. வளைவில் முன் டயர் சாலையை விட்டுச் சாயாமல் பிடிக்கும். டெம்ப்ளேட் வாங்கி, ஒன்றுக்கு இரண்டு முறை அளந்து துளையிடுங்கள். அசல் கே காரில் மட்டும் துளை போடாதீர்கள், அதன் விலையே அசலில்தான் இருக்கிறது.

கார்பரேட்டர் ஆசை யாரையும் விடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 289-ஐ 6,000 ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால் 502. அதாவது முழு வேகத்தில், எந்த இழப்பும் இல்லாமல் நிமிடத்துக்கு 502 கன அடி காற்று. நிஜத்தில் சாதாரண இன்ஜின் அதில் 85 சதவீதம்தான் இழுக்கும். 750 கன அடி கார்பரேட்டரை வாங்கி மாட்டினால் கீழ் வேகத்தில் மூச்சுத் திணறுவதுதான் மிச்சம். 500 சுற்றிலான நான்கு பேரல் போதும், 600-க்கு மேல் போகவே வேண்டாம்.

நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுகிறவர்களுக்கு, 1980களின் மஸ்டாங்கிலிருந்து டி-5 ஐந்து கியர் பெட்டியை மாற்றும் வழி பிரபலம். கிராஸ்மெம்பர், பெல் ஹவுசிங், ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாம் கிட்டாக வருகிறது. 1964 ஆகஸ்ட்டுக்கு முந்தைய இன்ஜின் என்றால் பெல் ஹவுசிங்குக்கு ஐந்து போல்ட், பிந்தையதற்கு ஆறு. ஆர்டர் போடும் முன் எண்ணிவிடுங்கள். பின் ஆக்ஸில் விகிதத்தையும் பாருங்கள். 3.00 ஆக்ஸிலில் மணிக்கு 65 மைல் வேகத்தில் நான்காவது கியரில் ஏறத்தாழ 2,600 ஆர்பிஎம். டி-5-இன் ஐந்தாவது கியரான 0.68 ஓவர்டிரைவ் போட்டால் 1,750-க்கு இறங்கிவிடும், மேட்டில் இன்ஜின் முக்கும், நீங்கள் நான்காவதுக்கே திரும்புவீர்கள். 3.55 ஆக்ஸிலோடு அதே கியர் 2,070 சுற்றில் சுகமாகப் போகும். ஆக்ஸிலை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் டி-5-க்கான பணத்தை எடுத்து வைத்து, முன் டிஸ்க் கிட்டை வாங்குங்கள்.